கடைசி ரீலைக் கொண்டுவந்தவள்

தியேட்டர் இருட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படம் பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. அவர்களில் நானும் ஒருத்தி. திரையில் நடப்பது பாதிதான் தெரியும், மீதியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கதாநாயகன் போட்டிருந்தான். ஆகவே நானும் போட்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தோரு வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு, பங்சாரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. பார்ப்பதற்கு அடக்கமான பெண். உள்ளே யார் இருந்தார்கள் என்பது எனக்கும் அந்தக் கதாநாயகனுக்கும் மட்டும்தான் தெரியும்.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தேடிப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். அந்த வயதில் எனக்கு அது படமே இல்லை, வாழும் முறை. கதாநாயகன் படம் முழுக்க மொத்தமே நாற்பது வார்த்தைதான் பேசுவான். கேள்வி கேட்டால் ஒரே ஒரு முறை தலையை ஆட்டுவான். கறுப்புத் தோல் ஜாக்கெட். பைக்கை நிறுத்தும்போது சும்மா நிறுத்தமாட்டான். பின்சக்கரத்தை அரைவட்டமாகச் சுழற்றி, புழுதி அடங்குவதற்குள் இறங்கி நடந்துகொண்டிருப்பான். ஐம்பது பேரை அடித்துப் போட்ட பிறகும் தலைமுடி கலைந்திருக்காது. (எனக்கு ஆபீசுக்கு நடந்து போவதற்குள் கலைந்துவிடும்.)

ஆனால் நான் அதை நாலு தடவை பார்த்ததற்குக் காரணம் சண்டை இல்லை. அவனுக்கு ஒரு அப்பா உண்டு. கடலோரத்தில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவர். மகன் தப்பான வழியில் போய்விட்டான் என்று வருஷக்கணக்காகப் பேசுவதில்லை. மகன் மாதம் ஒரு தடவை வந்து கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று, மேலே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போவான். அப்பா மேலிருந்து பார்ப்பார், கூப்பிடமாட்டார். கடைசியில் வில்லனின் ஆட்கள் கலங்கரை விளக்கத்துக்கே வந்துவிடுவார்கள். படிக்கட்டில் சண்டை. மகனுக்கு வந்த குண்டைக் கிழவர் நெஞ்சில் வாங்கிக்கொண்டு அவன் மடியில் சாய்வார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் கேட்கிற ஒரே வார்த்தை: "சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். கண்ணை மூடிவிடுவார். தியேட்டரே அழும். நானும் அழுவேன், கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே. வெளியே தெரியாது. அந்தக் கண்ணாடியால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான்.

மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் உறைத்தது. இது எங்கள் வீட்டுக் கதை.

என் அண்ணன் மோகனுக்கு, அப்பா யார் யாரையோ பார்த்து, ஒரு ஜபாத்தானில், அதாவது அரசாங்க இலாகாவில், கிளார்க் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். அப்பாவும் ரயில்வேயில் கிளார்க்தான். அவருக்கு அரசாங்க நாற்காலி என்றால் சாமி உட்கார்ந்திருக்கிற பீடம் மாதிரி. அண்ணன் இரண்டு வருஷம் அந்தப் பீடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒருநாள் எழுந்து, கிள்ளானில் ஒரு கூட்டாளியோடு மோட்டார் சைக்கிள் பட்டறை போட்டுவிட்டான்.

"கவர்மெண்டு நாற்காலியத் தூக்கி எறிஞ்சிட்டு கிரீஸ்ல போயி உக்காந்திருக்கான்!" என்று அப்பா கத்தினார்.

"எனக்கு அது பிடிச்சிருக்குப்பா" என்றான் அண்ணன்.

"பிடிச்சதெல்லாம் செய்யிறதுக்கு இது என்ன உங்கப்பன் வீடா?"

கோபத்தில் அப்பாவுக்கு, அது அவன் அப்பன் வீடுதான் என்பது மறந்துவிட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் அப்பாவுக்கு இன்னும் கோபம். அண்ணன் அன்றைக்கே துணியை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டான். எட்டு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் சில நாள் சாயங்காலம் எங்கள் தெருமுனை வரைக்கும் பைக்கில் வந்து நிற்பான். நான் போய்ப் பேசுவேன். வீட்டுக்குள் வரமாட்டான். அப்பா ஜன்னல் வழியாகப் பார்ப்பார், பேப்பரைத் திருப்புவார்.

இது போதாதா? நான் முடிவு செய்துவிட்டேன். அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை அப்பாவும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். பார்த்தால் அழுவார்கள். அழுதால் பேசுவார்கள். இதில் எங்கேயாவது ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருபத்தோரு வயதில் எந்தத் திட்டத்திலும் ஓட்டை தெரிவதில்லை.

அப்பாவைத் தியேட்டருக்குக் கூட்டிவருவதுதான் முதல் சண்டைக் காட்சி. அவர் சினிமா பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

"அடிதடிப் படத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன்."

"அடிதடி இல்லப்பா. கலங்கரை விளக்கத்துல வேலை பாக்கிற ஒருத்தரப் பத்தின படம்."

"கலங்கரை விளக்கமா?"

"ஆமாம்பா. கவர்மெண்டு சர்வண்டு. ஒருநாள்கூட லீவு போடாதவரு."

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். "அப்பிடியெல்லாம் படம் எடுக்கிறாங்களா இப்ப?"

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக் காட்சிக்கு அப்பா வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டு, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற கறுப்புத் தோல் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அரசாங்க ஊழியரைப் பற்றிய படம் அல்லவா, மரியாதை வேண்டாமா? நான் மஸ்ஜித் இந்தியா நடைபாதைக் கடையில் வாங்கிய ரெக்சின் ஜாக்கெட்டில் இருந்தேன். வெயிலில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு, நடக்கும்போது கிரீச் கிரீச் என்று சத்தம் போடும். கதாநாயகன் ஜாக்கெட் சத்தம் போடாது.

"என்ன எழவுடி இது?" என்றார் அம்மா. வீட்டில் அம்மாவிடம் மட்டும் திட்டத்தைச் சொல்லியிருந்தேன். "நீ என்னமோ செய்யி. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் காலையிலேயே அண்ணனுக்குப் பிடித்த நண்டுக் குழம்பை வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

நான், அம்மா, அப்பா, அதற்கடுத்து ஒரு காலி நாற்காலி. விளக்கு அணைந்து படம் ஆரம்பித்த பிறகு, நான் தெருமுனையில் சொல்லிவைத்திருந்தபடி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணன் வந்து அதில் உட்கார்ந்தான். அப்பா கவனிக்கவில்லை. ஷூ கடித்ததால் குனிந்து கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்பா படத்தோடு ஒன்றிவிட்டார். கிழவர் விளக்குக் கண்ணாடியைத் துடைக்கிற காட்சியில் "அப்பிடித்தான் தொடைக்கணும்" என்று சத்தமாகப் பாராட்டினார். மகன் கீழே நின்று வெளிச்சத்தைப் பார்க்கிற காட்சியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நான் அம்மாவின் கையைக் கிள்ளினேன்.

வில்லனின் ஜீப்புகள் கலங்கரை விளக்கத்தை நோக்கிக் கிளம்பின. திரை வெள்ளையாகிவிட்டது. விளக்கு எரிந்தது.

அந்தக் காலத்தில் ஒரே படப்பெட்டி இரண்டு தியேட்டரில் ஓடும். கிள்ளானில் காட்சியை முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டு ஓர் ஆள் பைக்கில் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவருவார். இங்கே அதைப் போடுவார்கள். மேனேஜர் வோங் மேடையேறினார். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த சீனர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"சாரி லா, சாரி. கடைசி ரெண்டு ரீல் இன்னும் வரல. வர்ற வழியில பத்து தீகா ஊர்கிட்ட பைக் செயின் அறுந்து போச்சாம். கிள்ளான்லேருந்து வேற ஆள் வரணும், ரொம்ப நேரமாவும். போறவங்க போலாம், நாளைக்கு வந்து பாத்துக்கலாம்."

விசில். கூச்சல். விளக்கு வெளிச்சத்தில் அப்பா மெதுவாகப் பக்கத்தில் திரும்பினார். அண்ணன் தொப்பியை இன்னும் கீழே இழுத்தான். இனி இழுத்தால் தாடை வரைக்கும் வந்துவிடும்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். படத்தில் என்றால் இங்கே இசை வரும். இங்கே காச்சாங் பூத்தே விற்கிற அண்ணே "கச்சான், கடலை, கச்சான்!" என்று கத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

"ஓ" என்றார் அப்பா. "இதுக்குத்தானா?" என்று எழுந்து, காலால் ஷூவைத் துழாவினார்.

அண்ணனும் எழுந்தான். "நீங்க உக்காருங்கப்... நீங்க உக்காருங்க. நான் போறேன். பத்து தீகாதானே, பைக்ல போயி ரீல எடுத்திட்டு வந்திர்றேன்."

நியாயமான யோசனை. அவன் மெக்கானிக். பைக் அவனுடையது. பத்து வருஷமாக ஓட்டுகிறவன். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் தெரிந்தது ஒன்றுதான். அண்ணன் வெளியே போனால் பக்கத்து நாற்காலி காலி. பக்கத்து நாற்காலி காலியானால் என் திட்டம் காலி. நாளைக்குப் படம் இருக்கும், அப்பா இருக்கமாட்டார்.

"நீ உக்காரு!" என்று அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினேன். அப்பா ஷூவைத் தேடுகிறார் என்பதைப் பார்த்தேன். குனிந்து, இரண்டு ஷூவையும் எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

"ஏய்! வசந்தி! என் சப்பாத்து!"

"ரீலோட வரேம்பா. யாரும் எந்திரிக்கக் கூடாது!"

அப்பாவால் வெறுங்காலோடு பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடக்க முடியாது. பாதி ஜனத்துக்கு அவரைத் தெரியும். இதையெல்லாம் நான் ஒரு விநாடியில் யோசித்தேன் என்பதை இன்றைக்கும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளில் சரியாக வந்தது அந்த ஒன்றுதான்.

அண்ணனுடையது கிளட்ச் இல்லாத சின்ன பைக், நாங்கள் கப்சாய் என்போம். எனக்கு ஓட்டத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், பழகுகிறவர்களுக்கான 'எல்' லைசென்ஸ் எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது, குவார்ட்டர்ஸ் திடலை எத்தனையோ முறை சுற்றியிருந்தேன். திடலில் லோரிகள் கிடையாது. கிள்ளானுக்குப் போகிற பெடரல் ஹைவேயில் உண்டு.

அண்ணனின் ஹெல்மெட்டுக்குள் என் தலை மாதிரி இரண்டு தலை போகும் என்கிற அளவு. காற்று அடித்தால் பின்னால் திரும்பிக்கொள்ளும். ஒரு கையால் அதைத் திருப்பி வைத்து, ஒரு கையால் ஓட்டினேன். வயிற்றருகே அப்பாவின் ஷூக்கள் இடித்தன. பைக் பாதையில் என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மீன் கூடையோடு போன ஓர் ஆன்டிகூடத் தாண்டிப் போனார். கதாநாயகனை யாரும் தாண்டியதில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, நேராகப் போனேன். திரும்பலாமா என்று ஒருதடவைகூடத் தோன்றவில்லை. (எங்கே திரும்புவது என்றும் தெரியவில்லை.)

பத்து தீகாவுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரப் புல்லில், செத்த பைக்குக்குப் பக்கத்தில் ஒருவர் தகரப் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார். ரீல் கொண்டுவருகிற முத்து அண்ணே. என்னைப் பார்த்து எழுந்தார்.

இங்கே நான் சும்மா நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் ஒருவர் நம்மை எதிர்பார்த்து நிற்கிறார். நாம் கறுப்பு ஜாக்கெட்டில் பைக்கில் வருகிறோம். இந்த மாதிரி ஒரு நிமிஷம் வாழ்க்கையில் எத்தனை முறை வரும்? நான் பின் பிரேக்கை மிதித்து, வண்டியை அரைவட்டமாகச் சுழற்றினேன். வண்டி முக்கால்வட்டம் சுழன்றது. நான் மீதிக் கால்வட்டத்தைத் தனியாக, காற்றில் சுழன்று, முத்து அண்ணே மேல் போய் விழுந்தேன். முத்து அண்ணே பெட்டி மேல் விழுந்தார். பெட்டி சரிவில் விழுந்தது.

"அலாமாக்!" என்றார் முத்து அண்ணே. வேறொன்றும் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

ஒரு பெட்டி மூடியோடு கிடந்தது. இன்னொன்றின் மூடி திறந்து, உள்ளேயிருந்த ரீல் சக்கரம்போல உருண்டு, லாலாங் புல் சரிவில் இறங்கி, கால்வாய் ஓரம் வரைக்கும் போய்ப் படுத்தது. அது போன வழியெல்லாம் கறுப்பு நாடா பளபளவென்று நீண்டு கிடந்தது. கடைசி ரீல். கலங்கரை விளக்கம், படிக்கட்டுச் சண்டை, அப்பா, மகன், சாப்பிட்டியா, எல்லாமே லாலாங் புல்லில்.

முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது. நான் அழவில்லை. "அண்ணே, சுத்துங்க" என்றேன்.

"தங்கச்சி, நீ யாரு?"

"அப்புறம் சொல்றேன். சுத்துங்கண்ணே!"

நான் சரிவில் தவழ்ந்து நாடாவைத் தூக்கிக்கொடுக்க, அவர் சட்டையால் துடைத்துத் துடைத்துச் சுற்றினார். ஆரம்பிக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "இந்த முனையா, அந்த முனையா? எது முதல்ல வர்றது?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நான் தூக்கிட்டுப் போறவன்தான் தங்கச்சி. ஓட்றவன் மேல ரூம்ல இருப்பான்."

நாடாவை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்திருக்கலாம். குட்டிக் குட்டிச் சதுரங்களில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. இன்னொரு முனையிலும் கலங்கரை விளக்கம்தான் தெரிந்தது. கதாநாயகன் எப்போதாவது "தெரியாது" என்று சொல்லியிருக்கிறானா? "இதுதான் கடைசி. இத உள்ள வச்சு சுத்துங்கண்ணே" என்றேன், உலகத்தில் உள்ள அத்தனை தைரியத்தோடும்.

மூடி நசுங்கிப் போய் மூடவில்லை. அப்பாவின் ஷூ ஒன்றிலிருந்து கயிற்றை உருவிக் கட்டினோம். இரண்டு பெட்டியையும் வண்டிக்குப் பின்னால் ரப்பர் கயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொடுத்தார் முத்து அண்ணே. நான் கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா, என்னை அனுப்புகிற சாமிக்கா என்று கேட்க நேரமில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பாதி வழியில் மழை பிடித்தது. வண்டியை நிறுத்தி, ஜாக்கெட்டைக் கழற்றி பெட்டிகளைச் சுற்றி மூடினேன். வாங்கிய நாளிலிருந்து அந்த ஜாக்கெட் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். ஆனால் நான் கட்டிப்பிடித்துக் கட்டும்போது அதன் சாயம் கரைந்து என் கை, கழுத்து, மஞ்சள் சட்டை எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. ஷூக்களை ஹேண்டிலில் மாட்டியிருந்தேன். அவை மழையைப் பிடித்து நிறைந்து, மேடு பள்ளத்தில் என் முட்டி மேல் கொட்டிக்கொண்டே வந்தன.

நான் போன ஒன்றரை மணி நேரத்தில் தியேட்டருக்குள் நடந்ததை அம்மா பிறகு சொன்னார். மழையால் பாதி ஜனம் வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தது. அப்பாவும் அண்ணனும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்தார்கள். கூரையில் மழைச் சத்தம் கேட்டதும் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், எட்டு மாதத்தில் முதல் வார்த்தையாக அண்ணனிடம் கேட்டார்:

"அந்த வண்டிக்கு பிரேக் நல்லா இருக்கா?"

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முன் பிரேக் நல்லா இருக்குப்பா."

"பின் பிரேக்கு?"

"கொஞ்சம் லூசு. நாளைக்குச் சரி பண்ணலாம்னு..."

"நீ மெக்கானிக்கா, இல்ல என்னாடா? ஊர் வண்டியெல்லாம் ரிப்பேர் பண்றே, உன் வண்டிக்கு பிரேக் இல்லயா? அதுலயா அந்தப் புள்ள மழைல ஹைவேல போவுது? டயராவது நல்லா இருக்கா?"

"டயர் புதுசுப்பா!"

"என்னத்தப் புதுசு!"

அப்படி ஆரம்பித்தது நிற்கவே இல்லையாம். அப்பா திட்டினார், அண்ணன் பதில் சொன்னான். பிரேக்கிலிருந்து செயினுக்குப் போனார்கள், செயினிலிருந்து பட்டறைக்கு. "அங்கே நைட்ல படுக்க எடம் இருக்கா?" என்று அப்பா கேட்டார். "பட்டறைக்கு மேல ரூம் இருக்குப்பா" என்றான் அண்ணன். அப்புறம் இருவரும் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசல் வரைக்கும் வெறுங்காலோடு போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார் அப்பா. பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பார்க்கட்டும் என்கிற மாதிரி.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் கறுப்புச் சாயம் வடிய, முட்டியில் ரத்தத்தோடு, இரண்டு பெட்டியையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்குள் நுழைந்தேன். கைதட்டல் என்றால் கைதட்டல்! அந்த அரை நிமிஷம்தான் நான் கதாநாயகனாக இருந்த மொத்த நேரம்.

மேலே ரூமுக்கு ஓடிப்போய் பெட்டிகளைக் கொடுத்தேன். ஆப்பரேட்டர் அவசர அவசரமாக வாங்கி, "சுத்திக் கித்தி எல்லாம் சரியா இருக்கில்ல? அப்பிடியே போட்டுடலாமா?" என்று கேட்டார்.

நான் ஒரே ஒரு முறை தலையை ஆட்டினேன்.

கீழே வந்தால் அப்பாவும் அண்ணனும் ஒன்றாக எழுந்து நின்று, ஒன்றாக என்னைப் பார்த்து, ஒன்றாக "உனக்கு அறிவிருக்கா?" என்று கேட்டார்கள். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார், கறுப்பு இன்னும் பரவியது. "அடி பட்டிருக்கா?" என்று அப்பா என் முட்டியைப் பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையால் அண்ணனைக் கட்டச் சொன்னார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இப்போதே இப்படி என்றால், கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டால்?

நான் கொண்டுவந்ததில் முதல் ரீல் ஒழுங்காக ஓடியது. ஜீப்புகள் வந்தன. கதாநாயகன் பைக்கை அரைவட்டமாகச் சுழற்றி நிறுத்தினான். (நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.) ஆட்கள் கிழவரைச் சூழ்ந்தார்கள். தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அடுத்த ரீல் ஆரம்பித்தது.

திரையில் 'வணக்கம்' என்று வந்தது. தலைகீழாக.

ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை. பிறகு மேலே கடல், கீழே வானம். கலங்கரை விளக்கம் கூரையிலிருந்து தொங்கியது. கதாநாயகன் தலைகீழாக, செத்த அப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்திலிருந்து கண்ணீர் கிளம்பி, கண்ணுக்குள்ளே திரும்பப் போனது. செத்துக் கிடந்த கிழவர் கண்ணைத் திறந்தார். வாயைத் திறந்தார்.

"யாட்டிப்பிசா" என்றார். எங்கள் காதில் அப்படித்தான் விழுந்தது.

நான் நாற்காலிக்கு அடியில் போக இடம் தேடினேன். நெஞ்சிலிருந்து குண்டு கிளம்பி வில்லனின் துப்பாக்கிக்குள் போய் அடங்கியது. கிழவர் விறுக்கென்று எழுந்து நின்றார். விழுந்து கிடந்த அடியாட்கள் ஒவ்வொருவராக எழும்பி, பறந்து போய், கதாநாயகனின் முஷ்டியில் மூக்கை ஒட்டவைத்து, நல்லபடியாகத் திரும்பிப் போனார்கள். தியேட்டர் வெடித்துவிட்டது. ஆப்பரேட்டருக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்து படத்தை நிறுத்தினார்.

"நிறுத்தாதே! ஓட்டுய்யா! ஓட்டு!" என்று ஜனம் கத்தியது. நாற்காலியைத் தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு மனுஷன் தலையைக் கீழே வைத்து, காலை நாற்காலி மேல் போட்டுக்கொண்டு பார்த்தார். மேனேஜர் வோங் தலையில் கைவைத்துக்கொண்டு நின்று, கடைசியில் ஆப்பரேட்டரைப் பார்த்துக் கையை ஆட்டினார். மறுபடி ஓடியது.

அதற்கு நடுவில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் நான் கேட்டே பல மாதமான சத்தம். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, இருமி இருமிச் சிரித்தார். "கிழவன் எந்திரிச்சிட்டான்டா! மோகன், பாருடா, எந்திரிச்சிட்டான்!" என்று அண்ணனின் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்தார். அண்ணனும் அதே மாதிரி, இருமிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மாதான் அழுதார். அத்தனை பேரில் அந்தக் காட்சிக்கு அழுதது அம்மா ஒருத்தர்தான்.

படம் முடிந்தபோது, அதாவது ஆரம்பித்த இடத்துக்கு வந்தபோது, மழை விட்டிருந்தது. ஷூ இரண்டிலும் தண்ணீர். அப்பா என் கையிலிருந்த பைக் சாவியைப் பிடுங்கி அண்ணனிடம் கொடுத்தார். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு அண்ணனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "மெதுவாப் போ. பின் பிரேக்கு லூசு" என்றார். எனக்கும் அம்மாவுக்கும் சொன்னது: "நீங்க நடந்து வாங்க. இவள பைக் பக்கத்துலயே விடக்கூடாது."

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது நண்டுக் குழம்பில் பாதி முடிந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, "அவன் பிரேக்க மாத்தினானா இல்லயான்னு பாத்திட்டு வரேன்" என்று பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். அந்தப் பிரேக்கைப் பார்ப்பதற்கு அவருக்கு வருஷம் பூராவும் ஆயிற்று.

எனக்கு மட்டும்தான் நஷ்டம். அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் நான் வசந்தி இல்லை, 'ரீலு'. பூக்கடை அக்கா "என்ன ரீலு, ஆபீசா?" என்பார். ஆபீசிலேயே சொல்லிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் என் உண்மைப் பெயரைப் பார்த்தேன். அதிலும் அண்ணன் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு எழுதி வைத்திருந்தான்.

பல வருஷம் கழித்து அந்தப் படம் வீடியோ கேசட்டில் வந்தது. ஒரு சாயங்காலம், குடும்பமே உட்கார்ந்திருக்க, என் வீட்டுக்காரர் போட்டார். வில்லனின் ஜீப்புகள் கிளம்பியதும் அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டார்.

"மாமா, கிளைமாக்ஸே இனிமேத்தானே! அந்தப் பெரியவர் சாவுற சீன் ரொம்ப நல்லா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். பாவம், அவருக்கு நடந்த கதை அப்போது தெரியாது.

"யாரு செத்தா?" என்றார் அப்பா. "அவரு சாகவே இல்ல மாப்பிள. நானும் மோகனும் கண்ணால பாத்தோம். குண்டு பட்டும் எந்திரிச்சு, அத்தனை படியும் ஏறி, தன் வேலைக்குத் திரும்பிப் போனாரு."

பிறகு, உண்மைக்கு மாறாக எதையும் சொல்லக்கூடாது என்கிற அரசாங்க ஊழியரின் நேர்மையோடு சேர்த்துக்கொண்டார்:

"தலைகீழாத்தான் போனாரு. ஆனா போனாரு."